தேரா மன்னனின் ஊரில் துப்பறியும் கதை

மேலூர்ப் பக்கத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் எழுதியிருந்தார். மர்ம நாவல் எழுத ஆசையாம். முதல் அத்தியாயம் முடித்துவிட்டார்: சித்திரை மாதம், ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்துக் கிணறு, அதில் ஒரு பிணம். அதற்கு மேல் பேனா நகரவில்லை. "உங்களுக்குத் தூண்டுதல் எது? எப்படி எழுத ஆரம்பித்தீர்கள்? தினமும் எப்படி எழுதுகிறீர்கள்?" என்று மூன்று கேள்வி. அடியில் பொடி எழுத்தில் நாலாவது: "கொலைகாரன் யாரென்று முன்னாலேயே தெரிந்துகொண்டுதான் எழுத உட்காருவீர்களா?"

முப்பத்தெட்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். "சினிமாக்காரங்க யாரும் கேட்டாங்களா?" என்று விசாரித்தவர்கள் உண்டு. "இதுல என்ன கிடைக்கும்?" என்று விசாரித்தவர்கள் அதைவிட அதிகம். இந்த நாலையும் சேர்த்து ஒருவர் கேட்பது அபூர்வம். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன் தம்பி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூண்டுதல் என்றதும் லண்டன், பாரிஸ் பெயர்களாகச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். படித்தேன், இல்லையென்று சொல்லவில்லை. தமிழில் இந்த வகை எழுத்தே அங்கிருந்து வந்ததுதான். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் போன நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலக் கதைகளுக்கு வேட்டி கட்டி, விபூதி பூசி அழைத்து வந்தார்கள். பிறகு தேவன், தமிழ்வாணன், சுஜாதா. நான் பையனாக இருந்து இளைஞன் ஆவதற்குள் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா என்று பஸ் ஸ்டாண்டுக் கடை முழுக்கக் கொடி கட்டித் தொங்கினார்கள். எல்லாரையும் வாடகை நூலகத்தில் எடுத்துப் படித்து வளர்ந்தவன்தான் நான். ஆனால் அவர்கள் எனக்குக் கற்றுத் தந்தது பக்கத்தைப் புரட்ட வைப்பது எப்படி என்பதை. எதைப் பற்றி எழுதுவது என்பதை எனக்கு இந்த மதுரை ஊர்தான் சொன்னது. இன்னும் சரியாகச் சொன்னால், இந்த ஊரின் இரண்டு ராஜாக்கள்.

முதல் ராஜாவை உங்களுக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்திருப்பீர்கள், அதனாலேயே சரியாகப் படித்திருக்க மாட்டீர்கள். சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையை மட்டும் தனியே எடுத்து, ஒரு குற்றக்கதை வாசிப்பதுபோல வாசித்துப் பாருங்கள். அரசியின் சிலம்பைத் திருடியவன் அரண்மனைப் பொற்கொல்லன். ஒற்றைச் சிலம்பை விற்க வழி தேடி வெளியூர்க்காரன் ஒருவன் அவனிடமே வருகிறான். பழியை இறக்கி வைக்க ஆள் கிடைத்துவிட்டது. ராஜா அந்த நேரம் அரசியின் ஊடலைத் தீர்க்கப் போய்க்கொண்டிருக்கிறான், மனசு இதில் இல்லை. அவன் கையில் சிலம்பு இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டு நடக்கிறான்.

இனிமேல்தான் விஷயமே. காவலர்கள் போய்ப் பார்க்கிறார்கள். கோவலனைப் பார்த்ததும் தயங்குகிறார்கள், இவன் கொலைப்படவேண்டிய ஆளாகத் தெரியவில்லையே என்று. அந்த இடத்தில் பொற்கொல்லன் என்ன செய்கிறான் தெரியுமா? திருட்டைப் பற்றி வகுப்பெடுக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வருக்கு எட்டுத் துணை, இவற்றை வைத்துக்கொண்டு அவர்கள் எந்த வேஷமும் போடுவார்கள் என்கிறான். விசாரணைக்கு நிபுணராக வந்து நிற்பவனே குற்றவாளி! இளைஞன் ஒருவன் தான் பார்த்த திருடனைப் பற்றிச் சொல்லி அதற்கு ஒத்து ஊதுகிறான். காவலர் கூட்டத்தில் குடித்துவிட்டு நின்ற ஒருவன் வாளை வீசிவிடுகிறான். ஆணை போட்டவனுக்குக் கவனம் இல்லை, விசாரிக்கப் போனவர்களுக்குத் துணிவு இல்லை, வெட்டியவனுக்கு நிதானம் இல்லை. கெட்ட எண்ணம் இருந்தது ஒரே ஒருவனுக்கு. ஓர் அநியாயக் கொலைக்கு ஒரு கெட்டவன் போதும், மிச்சத்தை அசட்டை பார்த்துக்கொள்ளும் என்று அன்றைக்குப் படித்தேன். என் நாவல்களில் பாதி இந்தக் காட்சியின் பேரப்பிள்ளைகள்.

கண்ணகி வந்து 'தேரா மன்னா' என்கிறாள். 'கொடியவனே' என்று சொல்லவில்லை, 'கொலைகாரனே' என்றும் சொல்லவில்லை. 'ஆராயாதவனே' என்கிறாள். குற்றச்சாட்டே அதுதான். அப்புறம் அவள் பேசி வாதாடிக்கொண்டிருக்கவில்லை. என் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கம் என்கிறாள். எங்களுடையதில் முத்து என்கிறான் ராஜா. உடைக்கிறாள், மாணிக்கப் பரல் அவன் முகத்துக்கு நேரே தெறிக்கிறது. கோவலன் கையில் சிலம்பு இருந்தது என்பதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

இரண்டாவது ராஜாவை நிறையப் பேருக்குத் தெரியாது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 'பழி அஞ்சின படலம்' என்று ஒன்று இருக்கிறது. வெளியூர் அந்தணர் ஒருவர் மனைவியோடும் குழந்தையோடும் மதுரைக்கு வருகிறார். மனைவியை ஆலமர நிழலில் உட்காரவைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போகிறார். திரும்பி வந்தால் அவள் அம்பு தைத்துச் செத்துக் கிடக்கிறாள். பக்கத்தில் வில்லோடு ஒரு வேடன் இளைப்பாறிக்கொண்டிருக்கிறான். பிணம், ஆயுதம், ஆள், மூன்றும் ஒரே இடத்தில். இதற்கு மேல் என்ன வேண்டும்? அந்தணர் வேடனை இழுத்துக்கொண்டு குலோத்துங்க பாண்டியனிடம் போகிறார். தண்டித்துக் கேட்டும் வேடன் 'நான் எய்யவில்லை' என்பதையே சொல்லிக்கொண்டிருக்கிறான். ராஜாவுக்குச் சந்தேகம் தீரவில்லை. வேடனைக் காவலில் வைத்துவிட்டுச் சொக்கநாதரிடம் போய் நிற்கிறான்.

செட்டித் தெருவில் ஒரு கல்யாணம் நடக்கிறது, அந்த அந்தணரோடு அங்கே போ என்று பதில் வருகிறது. போகிறார்கள். அங்கே இரண்டு யமதூதர்கள் பேசிக்கொள்வது இவர்கள் காதில் மட்டும் விழுகிறது. மாப்பிள்ளையின் உயிரை இன்றைக்கே கொண்டுபோக வேண்டும், உடம்பில் நோய் எதுவும் இல்லையே, எப்படி என்று கேட்கிறான் ஒருவன். மற்றவன் சொல்கிறான்: காலையில் என்ன செய்தோம்? என்றைக்கோ மரத்தில் தைத்துக் கிடந்த அம்பைக் காற்றில் உதிரவைத்து அந்தப் பெண்ணை முடித்தோமே, அதுபோல இங்கே கட்டிக் கிடக்கும் மாட்டைக் கல்யாண வாத்தியச் சத்தத்தில் மிரளவைப்போம். சொன்னபடியே நடக்கிறது. வேடன் விடுதலை.

யமதூதர் பேச்சு சாட்சியாகச் செல்லாது என்று எந்த வக்கீலும் சொல்வார். எனக்கும் அது பிரச்சினைதான். என் கதையில் அதைச் செய்தால் வாசகர் புத்தகத்தைத் தூக்கி எறிவார். ஆனால் அந்த அம்பைப் பாருங்கள். முன்பே எய்து, மரத்தில் சிக்கி, மறந்துபோன அம்பு. பிணத்துக்குப் பக்கத்தில் இருப்பவன்தான் குற்றவாளி என்ற கணக்கை ஒரே காற்றில் கலைத்துவிடுகிறது. ஒரே ஊரில் ஒரு ராஜா ஆராயாமல் நிரபராதியைக் கொன்றான், இன்னொரு ராஜா எல்லாச் சாட்சியமும் எதிராக இருந்தும் ஒரு வேடனைக் கொல்லாமல் நிறுத்தி வைத்தான். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் என் எல்லை. எங்கள் ஊரிலேயே வாழ்ந்து 2024 நவம்பரில் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன் கோவில், சித்தர், அமானுஷ்யம் என்று வேறு பக்கம் போனார், அதில் அவர் ராஜா. எனக்கு அந்தப் பக்கம் கால் போகவில்லை. எனக்கு அம்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவேண்டும்.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. அதைத் தூண்டுதல் என்று சொல்ல மாட்டேன், கடிவாளம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

என் அம்மாவின் ஊர் உசிலம்பட்டிக்கு மேற்கே. எட்டாவது படிக்கும்போது கோடை விடுமுறைக்குப் போயிருந்தேன். கையில் ஒரு துப்பறியும் நாவல். கண்ணாடி டம்ளரில் பதிந்த கைரேகையை வைத்துத் துப்பறிபவர் கொலைகாரனைப் பிடிக்கும் கட்டம். உற்சாகம் தாங்காமல் அம்மாச்சிக்கு வாசித்துக் காட்டினேன். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"ரேகையா? அத எதுக்குடா நீ படிக்கிற? எங்கப்பன் கையப் புடிச்சு மைய அப்பி அழுத்துனாய்ங்க. என்ன களவாண்டாருன்னு அழுத்துனாய்ங்க? பொறந்தாருல்ல, அதுக்கு."

அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. குற்றப் பரம்பரைச் சட்டத்தை அந்தப் பக்கத்தில் ரேகைச் சட்டம் என்றுதான் சொல்வார்கள். ஒரு குற்றமும் செய்யாத ஆண்களின் கைரேகையைப் பதிந்து, ராத்திரியானால் சாவடியில் வந்து படுக்கச் சொன்ன சட்டம். கல்யாணமான அன்றைக்கு ராத்திரியும் மாப்பிள்ளை சாவடியில்தான் படுத்தார் என்று அம்மாச்சி சொல்லும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. 16 பேர் செத்தார்கள். அம்மாச்சிக்கு அப்போது பத்து, பதினொரு வயது. 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள்.

உலகத்தின் முதல் கைரேகைப் பிரிவு 1897-இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்டது என்று பின்னாளில் ஒரு கட்டுரைக்காகப் படித்தேன். லண்டன் கதைகளில் ரேகை என்பது விஞ்ஞானத்தின் வெற்றி. உசிலம்பட்டிக்கு மேற்கே அதே ரேகைக்கு வேறு அர்த்தம். அதனால் எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். இன்ன ஊர்க்காரன், இன்ன சாதிக்காரன் என்பதாலேயே ஒருவன்மேல் வாசகருக்குச் சந்தேகம் வரும்படி ஒரு வரிகூட எழுதுவதில்லை. அப்படிச் சந்தேகப்படும் ஒரு இன்ஸ்பெக்டர் கதையில் வரலாம், வந்திருக்கிறார், கடைசியில் அசடு வழிந்துகொண்டும் போயிருக்கிறார். என் நாவல்களில் கைரேகையால் குற்றவாளி பிடிபட்டதே இல்லை. இதை ஒரு வாசகர்கூட இதுவரை கவனித்துக் கேட்டதில்லை, இப்போது நானே சொல்லிவிட்டேன்.

சரி, ஆரம்பம்.

அப்பா வக்கீல் குமாஸ்தா. எங்கள் வீட்டில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் கேஸ் கட்டு இருக்கும். கோர்ட்டுக்கு ஒரு நகல், எதிர்த்தரப்புக்கு ஒரு நகல் என்று எழுதித் தள்ள வேண்டும். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து அப்பா எனக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தார். பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு), பிரேத விசாரணை அறிக்கை, சாட்சி வாக்குமூலம். 'மேற்படி எதிரியானவர் மேற்படி சம்பவ இடத்தில்' என்று ஆரம்பித்தால் மூச்சு விடாமல் ஒன்றரைப் பக்கம் போகும். என் தமிழ் நடை கொஞ்சம் வறட்சி என்று விமர்சகர்கள் சொல்வதுண்டு. ஒப்புக்கொள்கிறேன், அது மகஜர் தமிழில் முளைத்த நடை.

ஒரு கட்டு இன்னும் நினைவிருக்கிறது. உங்கள் கதைபோலவே கிணற்றுப் பிணம். ஒரு பெண். புருஷன்தான் தள்ளினான் என்று வழக்கு. நானே நகல் எழுதியதால் ஒவ்வொரு சாட்சியும் எனக்கு மனப்பாடம். முதல் சாட்சி பிறழ் சாட்சி ஆகிவிட்டார். கிராம அதிகாரியிடம் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், தானாகப் போய் ஒப்புக்கொண்டதாக ஒரு வாக்குமூலம் இருந்தது. முன்பின் தெரியாத ஒரு அதிகாரியிடம் போய் ஒருவன் ஏன் மனசைத் திறக்கிறான் என்று நீதிபதி அதை ஒதுக்கிவிட்டார். (நம் ஊர்க் கொலை வழக்குத் தீர்ப்புகளில் இந்த வாக்குமூலம் அடிக்கடி வரும், இந்தக் கேள்வியும் கூடவே வரும். எழுத நினைப்பவர்கள் பத்துத் தீர்ப்பாவது படிக்கவேண்டும்.) கடைசி வரி: சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை.

"அப்போ யாருதான்ப்பா தள்ளுனது?" என்று கேட்டேன்.

"அது கோர்ட்டோட வேலை இல்லடா. இவன்தான் தள்ளுனான்னு காட்டுனாய்ங்களா, காட்டலையா? அம்புட்டுத்தான் கோர்ட்டு பாக்கும்."

"அப்ப அது யாரோட வேலை?"

அப்பா பதில் சொல்லவில்லை. நாடாவை இழுத்துக் கட்டிப் பரணில் போட்டார். அந்தப் பெண்ணின் பெயரை அன்றைக்கு ஏழு தடவை எழுதியிருந்தேன். தூக்கம் வரவில்லை. மறுநாள் பழைய தாவாக் காகிதத்தின் பின்பக்கத்தில் அதே கிணறு, வேறு ஊர், வேறு பெயர் என்று ஒரு கதை எழுதினேன். யார் தள்ளினார்கள் என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன். படுமோசமான கதை. ஆனால் அன்றைக்குத் தூங்கினேன்.

அதன்பிறகு பத்திரிகைகளுக்கு அனுப்பியதும், தபால்தலை ஒட்டி வைத்த உறையிலேயே அவை திரும்பி வந்ததும் எல்லோர் கதையும்தான், விட்டுவிடுகிறேன். கல்லூரி முடித்து ஒரு நூல் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தபோது முதல் கதை அச்சானது. எழுபத்தைந்து ரூபாய் மணியார்டர். போஸ்ட்மேனுக்கு ஐந்து ரூபாய் கொடுத்ததற்கு அம்மா ஒரு வாரம் பேசினாள். பிறகு மாத நாவல் காலம் வந்தது, நானும் அதில் குதித்தேன். பத்து நாளில் ஒரு நாவல். ஒவ்வொரு அத்தியாயமும் யாராவது 'வீல்' என்று அலறி முடியவேண்டும். அந்தக் காலத்தில் எழுதியதில் மூன்றைத் தவிர மற்றவை எங்கேயும் கிடைக்காமல் இருந்தால் நல்லது. ஆனாலும் அந்த வேகம் ஒன்றைக் கற்றுக் கொடுத்தது: மனநிலை வரட்டும் என்று காத்திருந்தால் வாடகை கட்ட முடியாது.

அடுத்து வழக்கம். காலை நாலு மணிக்கு எழுந்துவிடுவேன். இதில் தவம் எதுவும் இல்லை. தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் எங்கள் சந்தில் நாலு மணிக்குத்தான் குழாயில் தண்ணீர் வரும். குடத்தை வைத்துப் பிடித்துவிட்டு மறுபடி படுத்தால் தூக்கம் வராது. மொட்டை மாடியில் ஒரு அறை, ஒரு பரீட்சை அட்டை, கோடு போட்ட முழுத்தாள். ஏழு மணி வரைக்கும் நாலு பக்கம். வெயில் ஏறினால் அந்தத் தகரக்கூரை அறையில் கொலைகாரன்கூட இருக்க மாட்டான். சாயங்காலம் மாசி வீதி நாலையும் ஒரு சுற்று நடப்பேன். கதையில் முடிச்சு இறுகினால் இரண்டு சுற்று.

கம்ப்யூட்டரில் தட்டலாமே என்று மகள் சொல்கிறாள். தட்டினால் அடித்ததை அழித்துவிடுகிறேன். தாளில் அடித்தது தெரிகிறது. நேற்று எந்தப் பொய்யைச் சொல்லப் பார்த்தேன் என்பதும் எனக்குத் தெரியவேண்டும்.

விவரம் சேகரிப்பதுதான் எழுதுவதைவிட அதிக நேரம் தின்னும் வேலை. இதில் நான் வாங்கிய அடி ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நாவலில், சித்திரை மாதம், பூட்டிய அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நடுப்பகல். இன்ஸ்பெக்டர் பிணத்தின் கையைத் தொட்டுப் பார்த்து, "ஐஸ் மாதிரி சில்லிட்டுப்போச்சு, செத்து எட்டு மணி நேரமாவது ஆகியிருக்கும்" என்கிறார். ஒரு மாதம் கழித்து ஒரு தபால் அட்டை வந்தது. பெரிய ஆஸ்பத்திரிப் பிணவறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "ஐயா, மதுரையில் சித்திரை மாசம் பிணம் சில்லிடாது. வந்து தொட்டுப் பாருங்கள்" என்று இரண்டே வரி.

அவமானத்தில் போய்ப் படித்தேன். மணிக்கு ஒன்றரை டிகிரி ஃபாரன்ஹீட் வீதம் உடல் குளிரும் என்ற கணக்கு குளிர்ந்த தேசத்துக் கணக்கு. உடம்பின் சூடு 98.4. வெளியே 40 டிகிரி செல்சியஸ் என்றால் அது 104 ஃபாரன்ஹீட். காற்றே உடம்பைவிடச் சூடாக இருக்கும்போது உடம்பு எங்கே போய்க் குளிரும்? விறைப்பும் அப்படித்தான், வெயிலில் சீக்கிரம் பிடிக்கும், சீக்கிரம் விடும். மொழிபெயர்ப்பு நாவலில் படித்த நேரக் கணக்கை அப்படியே மதுரைக்குக் கொண்டுவந்தால் உங்கள் துப்பறிபவர் கூசாமல் நிரபராதியை உள்ளே தள்ளுவார். தேரா மன்னன்!

சட்டத்திலும் இதே கவனம் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கு 302 இல்லை, 103. குற்றவியல் நடைமுறைச் சட்டமும் மாறிவிட்டது, சந்தேக மரணத்துக்கு அதில் 174 போட்ட இடத்தில் இப்போது 194. ஆனால் உங்கள் கதையில் கொலை அந்தத் தேதிக்கு முன்னால் நடந்திருந்தால், இன்றைக்கு விசாரணை நடந்தாலும் குற்றப் பிரிவு பழைய 302-தான். இதை மாற்றிப் போட்டவர்கள் நிறைய. எனக்குச் சொந்தத் துக்கம் ஒன்றும் உண்டு. 420 இப்போது 318 ஆகிவிட்டது. டீக்கடையில் ஒருவனைப் பார்த்து "சரியான முந்நூத்திப் பதினெட்டுடா இவன்" என்று யார் திட்டுவார்கள்?

எண் மாறினாலும் மாறாத ஒன்றுதான் நமக்கு முக்கியம். போலீஸிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. 1872-ஆம் வருஷச் சாட்சியச் சட்டத்திலும் அப்படித்தான், புதிய சட்டத்திலும் அப்படித்தான். ஆனால் அந்த வாக்குமூலத்தில் அவன் காட்டிய இடத்தில் ஒரு பொருள் கிடைத்தால், அந்தப் பொருளைக் கண்டுபிடிக்க உதவிய பகுதி மட்டும் செல்லும். பழைய 27-ஆம் பிரிவு, இப்போது 23-க்குள் இருக்கிறது. ஆகவே கடைசி அத்தியாயத்தில் நாலு அறை விட்டதும் குற்றவாளி மூன்று பக்கத்துக்கு ஒப்புக்கொண்டு முடியும் நாவல்கள் இருக்கின்றனவே, அவற்றில் எல்லாம் அடுத்த மாதமே எதிரி வெளியே வந்துவிடுவான். பொருள் பேசவேண்டும். அதுவும் 'இவன் கையில் இருந்தது' என்ற அளவில் பேசினால் போதாது. கோவலன் கையிலும்தான் இருந்தது.

விவரம் கேட்கப் போகும் இடத்தில் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்வது என்பதும் ஒரு கலை. ஆரம்ப காலத்தில் ஒரு போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கம்பீரமாக, "நான் ரைட்டர்" என்றேன். வாசலில் நின்ற காவலர் விறைப்பாக நிமிர்ந்து, "எந்த ஸ்டேஷன் சார்?" என்றார். ஸ்டேஷனில் புகார் எழுதுபவருக்குத்தான் அந்தப் பெயர். உண்மையைச் சொன்னதும் டீகூட வரவில்லை. அப்புறம் கோர்ட் வாசல் டீக்கடையில் பழக்கமான ஓர் ஓய்வு பெற்ற ஏட்டய்யாதான் என் கைப்பிரதிகளைப் படித்துத் திருத்துகிறார். கதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். "இந்நேரத்துக்கு அந்த ரோட்டுல பஸ் இருக்காது" என்பார். அது போதும்.

தடயம் எப்படி வைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உண்மையில் கேட்டிருக்கவேண்டிய கேள்வி அதுதான். என் நாவல் ஒன்றில் ஒருவன் கொலை நடந்த காலையில் தான் மதுரையில் தேர் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்கிறான். "சித்திரை வீதியில மொட்டை வெயில்ல நின்னு பாத்தேன் சார், வடம்கூடத் தொட்டேன்." மதுரைக்காரர்களுக்கு இங்கேயே சிரிப்பு வந்திருக்கும். சித்திரைத் திருவிழாத் தேர் ஓடுவது சித்திரை வீதியில் இல்லை, மாசி வீதிகளில். பெயரை வைத்து ஊகித்துப் பொய் சொல்லியிருக்கிறான்.

நல்ல தடயம் என்று எனக்கு ஒரே பெருமை. ஏட்டய்யா படித்துவிட்டு, "இருபதாம் பக்கத்துலயே புடிச்சுட்டேனே" என்றார். கோயம்புத்தூர் வாசகருக்குத் தெரியாதது திருமங்கலம் வாசகருக்குத் தெரியும். இரண்டு பேருக்கும் சேர்த்து எப்படி ஒளிப்பது? ஒரு மாதம் மாசி வீதியைச் சுற்றினேன். கடைசியில், அவனுக்கு முன்னால் இன்னொரு வெளியூர்க்காரர், ஒரு பாவமும் அறியாத பாத்திர வியாபாரி, அதே தவறைப் பேச்சுவாக்கில் செய்யும்படி ஒரு காட்சி சேர்த்தேன். பக்கத்தில் இருப்பவர்கள் அவரைக் கேலி செய்கிறார்கள். இப்போது மதுரை வாசகர், 'வெளியூர்க்காரர்கள் குழப்பிக்கொள்வது சகஜம்தானே' என்று இரண்டாவது ஆளையும் மன்னித்துவிடுகிறார். வியாபாரி தேரைப் பார்த்துவிட்டு வீதியின் பெயரை மாற்றிச் சொன்னார், மற்றவன் தேரையே பார்க்கவில்லை. வடத்தைத் தொட்ட இடத்தில் எதிரே என்ன கடை இருந்தது என்று நூற்றி நாற்பதாம் பக்கத்தில் ஒரு கேள்வி வருகிறது, அங்கே மாட்டுகிறான்.

அழகர் ஆற்றில் இறங்கும்போது உடுத்தியிருந்த பட்டு என்ன நிறம் என்று கேட்டு ஒருவனை மடக்கலாம் என்றும் ஒரு யோசனை இருந்தது. மறுநாள் எல்லாப் பேப்பரிலும் வந்துவிடும் என்பதால் கைவிட்டேன். அன்றைக்குக் காலையிலேயே, ஆற்று மணலில் வைத்தே விசாரித்தால் செல்லும். வேண்டுமானால் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

விஷத்தைப் பற்றி ஒரே வரி. நம் வேலி ஓரத்தில் வளரும் செடிகளில் எது எவ்வளவு கொல்லும் என்று எனக்குத் தெரியும், எந்தக் கதையிலும் எழுதியதில்லை, எழுதவும் மாட்டேன்.

இனி நாலாவது கேள்வி. ஆமாம், தெரிந்துகொண்டுதான் உட்காருவேன். கதையை ஆரம்பிப்பதற்கு முன்னால் நாலு பக்கத்தில் ஒரு குற்றப்பத்திரிகை எழுதுவேன். அப்பாவிடம் கற்ற அதே மகஜர் தமிழில், நடந்தது நடந்தபடி, மணிக் கணக்கோடு. யார், எப்போது, எந்த வழியாக, எதை எடுத்துக்கொண்டு, எதை விட்டுவிட்டு. இதில் மர்மம் எதுவும் இருக்காது, படித்தால் கொட்டாவி வரும். அதை நாடா கட்டிப் பரணில் போட்டுவிட்டு, அப்புறம் வெளியே நிற்பவர்கள் கண்ணால் நாவலை எழுதுவேன். அவர்கள் என்ன பார்த்தார்கள், எதைப் பார்த்ததாக நினைத்துக்கொண்டார்கள் என்று.

இரண்டு தடவை மட்டும் பரணில் இருந்த கட்டு தோற்றுப் போனது. ஒரு நாவலில் குற்றவாளி என்று தீர்மானித்து வைத்திருந்த பெண், அறுபதாம் பக்கத்தில் ஒரு பூனைக்குப் பால் ஊற்றினாள். அதை எழுதத் திட்டமிடவில்லை, கை எழுதிவிட்டது. பூனைக்குப் பால் ஊற்றுபவர்கள் கொலை செய்ய மாட்டார்கள் என்றில்லை. ஆனால் அவள் அந்தக் கிண்ணத்தை வைத்த விதத்தைப் பார்த்தபிறகு, நான் அவள்மேல் போட்டிருந்த வழக்கு எனக்கே ஜோடிப்பு வழக்காகத் தெரிந்தது. குற்றப்பத்திரிகையைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து விசாரித்தேன். எட்டு மாதம் தாமதம், பதிப்பாளர் பேச்சையே நிறுத்திவிட்டார். இன்னொன்றைச் சொல்ல மாட்டேன், அந்தப் புத்தகம் இன்னும் விற்பனையில் இருக்கிறது.

கடைசியாக உங்கள் முதல் அத்தியாயம். நன்றாக இருக்கிறது தம்பி, அந்தக் குயவர் பாட்டி பேசும் இடம் எனக்குப் பொறாமையாகவே இருந்தது. ஆனால் சித்திரை மாதம் மேலூர்ப் பக்கத்துக் கிணற்றில் நீங்கள் எழுதியிருப்பதுபோல விளிம்பு வரை தண்ணீர் நிற்குமா? பெரியாறு கால்வாயில் அப்போது தண்ணீர் வருகிறதா என்று ஒரு விவசாயியிடம் கேளுங்கள். தண்ணீர் கீழே கிடந்தால் விழுந்தவர் பாறையில் அடிபட்டிருப்பார், காயம் வேறு மாதிரி இருக்கும். விழுந்து மூழ்கியவரா, செத்தபின் போடப்பட்டவரா என்று பார்க்க எலும்பு மஜ்ஜையில் தண்ணீரின் நுண்பாசி இருக்கிறதா என்று தேடுவார்கள். இதயம் துடித்துக்கொண்டிருந்தால்தான் அது அங்கே வரை போகும். ஆனால் அதை மட்டும் வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது என்பதையும் உங்கள் டாக்டர் பாத்திரம் சொல்லட்டும். அந்தக் கிணற்றுக்குப் படி உண்டா? மோட்டார் யார் பெயரில் இருக்கிறது? கடைசியாகத் தூர் வாரியது எந்த வருஷம், அப்போது கிடைத்த சாமான்களை யார் வீட்டில் வைத்திருக்கிறார்கள்?

இந்த நாலுக்கும் பதில் எழுதிக்கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்றைக்கு ஏட்டய்யா ஊரில் இருக்க மாட்டார்.